கார்டு எங்கே என்று கேளுங்கள்: முனைவர் பட்ட நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நெறியாளர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ‘ஆய்வேடுகள் குறித்த நேரத்தில் தட்டச்சு செய்து தரப்படும்’ என்று போர்டு மாட்டிய கடைகள் நாலைந்து இருக்கும். அதில் ஒன்று என்னுடையது. நீங்கள் உள்ளே வந்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் மாணவர்கள் வருவார்கள். சினாப்சிஸ் என்கிற ஆய்வுச் சுருக்கம் கொடுக்கும் வாரமென்றால் ராத்திரி பதினொரு மணிக்கும் ஷட்டரைத் தட்டுவார்கள். ரெமிங்டன் டைப்ரைட்டரில் கார்பன் வைத்து அடித்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். பெரும்பாலும் தமிழ், கொஞ்சம் வரலாறு, எப்போதாவது நாட்டுப்புறவியல். அர்த்தம் பார்க்காமல் அடித்தால்தான் வேகம் வரும் என்பார் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். எனக்கு அந்த வித்தை வரவேயில்லை. படித்துக்கொண்டேதான் அடித்தேன், இன்றும் அப்படித்தான்.

ஆய்வு எப்படிச் செய்வது என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தை உங்களைவிட நான் அதிகம் பார்க்கிறேன். உங்கள் மேசைக்கு வருவது இயல் இயலாகப் பிரித்து, மார்ஜின் விட்டு, ஸ்பைரல் போட்ட பிரிண்ட் அவுட். என் மேசைக்கு வருவது அதற்கு முந்தைய நிலை. மாணவர் தோளில் மாட்டி வரும் பை. அந்தப் பைக்குள் இருப்பது இந்த இருபது வருடத்தில் அடியோடு மாறிவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முன்பெல்லாம் பையிலிருந்து செருப்பு டப்பா வரும். டப்பாவுக்குள் கார்டுகள். 5-க்கு 3 அங்குலம் என்று கடையில் வாங்கியவை சில. சார்ட் பேப்பரை வெட்டியவை பல. கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தில் எழுதியவையும் உண்டு. ரப்பர் பேண்டு போட்டு இயலுக்கு ஒரு கட்டு. மேலே இடப்பக்கம் நூல் பெயர், பக்கம், வலப்பக்கம் தலைப்பு, நடுவில் மேற்கோளோ சொந்தக் குறிப்போ. மாணவர் கார்டுகளை மேசையில் பரப்பி, ‘அண்ணே, இது இங்கே வரட்டும், இல்லை வேண்டாம், மூணாம் இயலுக்குப் போகட்டும்’ என்று மாற்றி மாற்றி வைப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும், அடித்த பக்கத்தைத் திரும்ப அடிக்க வேண்டுமே! ஆனால் அங்கே என் கண் முன்னால் நடந்தது யோசனை. இயல் அந்த மேசையில்தான் உருவானது.

ஒரு கார்டை மட்டும் அப்படியே சொல்கிறேன். தலைப்பு சங்க இலக்கியத்தில் பறவைகள். சிரிக்காதீர்கள், அந்தத் தலைப்பில் நான் அடித்த ஆய்வேடுகள் ஒன்றிரண்டல்ல. கார்டில் இருந்த பாட்டு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும், தன்னோடு கூடியவன் பொய் சொன்னால் என்ன செய்வேன், அன்றைக்கு ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு ஒன்றுதானே அங்கே இருந்தது என்று தலைவி கலங்குகிற பாட்டு:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அதற்குக் கீழே நீல மையில்: ‘குறுந். 25. கபிலர். குறிஞ்சி. சாட்சி குருகு மட்டும். அதன் கண்ணும் ஆரல்மேல். குருகு பார்த்தது என்று அவள் சொல்லவில்லை. குருகும் உண்டு என்கிறாள், அவ்வளவுதான்.’ அதற்கும் கீழே கறுப்பு மையில், வேறொரு நாள் எழுதியது: ‘நீர்ப்பறவைக்குக் குறிஞ்சியில் என்ன வேலை? கால் தினைத்தாள் போல. தினை குறிஞ்சிப் பயிர். காலுக்கு உவமை சொல்லும் சாக்கில் பறவையை மலைக்கு இழுத்துவிட்டாரா கபிலர்?’ ஓரத்தில் பென்சிலில்: ‘அப்படி இல்லாமலும் இருக்கலாம். மற்றப் பாட்டுகளில் குருகின் காலுக்கு என்ன உவமை? பார்க்க’ என்று எழுதி, கொஞ்சம் இடம் விட்டிருந்தது.

மூன்று நிறம், மூன்று நாள், மூன்று படி. முதல் நாள் பாட்டு சொல்வதைக் கவனித்திருக்கிறார். அடுத்து, பாட்டு சொல்லாததைக் கேட்டிருக்கிறார். கடைசியாகத் தன் ஊகத்தையே சந்தேகப்பட்டு, அதைச் சரிபார்க்க எங்கே போக வேண்டும் என்று தனக்குத்தானே வேலை வைத்திருக்கிறார். ஊகம் சரியா தப்பா என்று தீர்ப்பு சொல்ல நான் யார்? எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கார்டு இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது என்பதுதான். படிக்கும்போது மனசில் ஒன்று மின்னும். பஸ் ஏறி வீடு போவதற்குள் அணைந்துவிடும். எழுதி வைத்தால்தான் அடுத்த வாரம் அதோடு சண்டை போடலாம்.

அதே பாட்டு இப்போது என்னிடம் எப்படி வருகிறது? ‘குருகு ஆரல் மீனை உணவாகக் கொள்ளும் என்பதைக் குறுந்தொகை (25) வழி அறியமுடிகிறது.’ முற்றுப்புள்ளி. அடுத்த பத்தியில் நாரை. அதற்கடுத்து அன்றில். ‘அறியமுடிகிறது’, ‘புலனாகிறது’, ‘சுட்டத்தக்கது’ என்ற மூன்று வினைமுற்றுகளுக்கும் என் கீபோர்டில் ஷார்ட்கட் வைத்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் தன் வாழ்க்கையே ஒரு பறவையின் சாட்சியில் தொங்குகிறது என்று கலங்கி நிற்கிறாள். நாம் அவளிடம் பறவையின் சாப்பாட்டு விவரம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

இது மாணவர்களின் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ராத்திரியெல்லாம் கண் விழித்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர்களைச் சோம்பேறி என்று சொல்ல வாய் வராது. பலர் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர் வேலை பார்த்துக்கொண்டு, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறார்கள். உழைப்பில் குறைவில்லை. படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் ஒரு வேலை உண்டு, அதை அவர்களுக்கு யாரும் பழக்கவில்லை. பைக்குள் இப்போது இருப்பது பென்டிரைவ். அதற்குள் ‘இயல் 2 புதுசு’, ‘இயல் 2 ஃபைனல்’, ‘இயல் 2 ஃபைனல் சரியானது’. பிறகு நூறு பி.டி.எஃப். பிறகு, புத்தகப் பக்கத்தைக் கைபேசியில் எடுத்த படங்கள் நானூறோ ஐந்நூறோ, அதில் எது எந்தப் புத்தகம் என்று எடுத்தவருக்கே தெரியாது. ‘அண்ணே, இந்தப் படத்துல மார்க் பண்ணினதெல்லாம் வரிசையா அடிச்சுக்குங்க, நடுவுல நான் சேத்துக்கறேன்.’ நடுவில் சேர்ப்பதற்குத்தான் எதுவும் இருப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால் குறிப்பெடுத்தல் உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஆராய்ச்சி நெறிமுறைகள் தாளில் ‘குறிப்பட்டையின் வகைகளை விளக்குக’ என்று கேள்வி வருகிறது. நூல்விவரக் குறிப்பட்டை, மேற்கோள் குறிப்பட்டை, சுருக்கக் குறிப்பட்டை, கருத்துக் குறிப்பட்டை என்று மாணவர் அழகாக எழுதி மார்க் வாங்கிவிடுகிறார். அந்த விடைக்கான நோட்ஸைக்கூட என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். வாழ்க்கையில் ஒரு குறிப்பட்டைகூட எழுதாமல் அந்தத் தாளில் பாஸ் ஆகலாம். நீச்சல் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லி மார்க் போட்டுவிட்டு ஆற்றில் இறக்கிவிடுவது போலத்தான் இது.

பிறகு வருகிறது சதவீதம். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதி உங்களுக்குத் தெரியும். ஆய்வேடு மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு, அதாவது ஒப்புமை, 10 சதவீதம் வரை தொந்தரவில்லை. அதற்குமேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-லிருந்து 60 என்றால் ஓராண்டு தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்கோள் குறியிட்டு மூலம் காட்டியதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்களில் 14 சொற்கள் வரை விட்டுவிடலாம் என்றெல்லாம் அதில் நிதானமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் என் கடை வாசலுக்கு வரும்போது அந்த விதி ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிடுகிறது: ‘அண்ணே, பர்சன்டேஜைக் குறைச்சுக் குடுங்க.’

எப்படிக் குறைப்பது என்று நினைக்கிறீர்கள்? ‘கூறுகிறார்’ என்பதை ‘மொழிகிறார்’ ஆக்குவது. ‘நூல்’ என்பதைப் ‘புத்தகம்’ ஆக்குவது. ஒரு தம்பி ‘மலர்’ வருகிற இடமெல்லாம் ‘பூ’ என்று ஒரே தட்டில் மாற்றிக்கொண்டு வந்தார். அடிக்குறிப்பில் இருந்த மலர்விழி என்ற ஆய்வாளர் பூவிழி ஆகியிருந்தார், துணைநூற்பட்டியலிலும் பூவிழிதான். ரிப்போர்ட்டில் சதவீதம் இறங்கியிருந்தது. மென்பொருளுக்குச் சொல் தெரியும். அந்தச் சொல்லை யோசித்தது யார் என்று அதற்குத் தெரியாது. விதியும் கருவியும் பார்ப்பது கடைசிப் பிரதியை மட்டும். கோளாறோ அதற்கு மூன்று வருடம் முன்னால், முதல் புத்தகத்தைத் திறந்தபோதே நடந்துவிடுகிறது. படித்ததைத் தன் வார்த்தையில் எழுதிப் பழகியவருக்கு இந்த விதி தேவையே இல்லை. அவர் திருட நினைத்தாலும் அவரிடம் இருப்பது அவருடைய வாக்கியம்தான்.

என் கடையில் ஒரு அலமாரி நிறையப் பழைய புத்தகம் இருக்கிறது. மாணவர்கள் விட்டுப் போனவை, பழைய புத்தகக் கடையில் நான் வாங்கியவை. அதில் உ.வே.சா. 1937-இல் தாமே உரை எழுதிப் பதிப்பித்த குறுந்தொகையும் உண்டு, பிற்பாடு வந்த அச்சு. ஒவ்வொரு பாட்டின் அடியிலும் ‘ஒப்புமைப் பகுதி’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். இந்தச் சொல் அந்த நூலில் இப்படி வருகிறது, இந்தக் கருத்து இன்ன பாட்டிலும் இருக்கிறது என்று. மாணவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தப் புத்தகத்தில் பிடித்ததே அந்தச் சின்ன எழுத்துதான். கம்ப்யூட்டரில் தேடுகிற வசதி இல்லாத காலம். ஒரு பாட்டைப் படிக்கும்போது வேறெங்கோ படித்தது நினைவுக்கு வர வேண்டும். வந்ததைக் குறிக்க வேண்டும். குறித்ததைத் தேடினால் கிடைக்கும்படி வைக்க வேண்டும். ஒரு மனிதர் பல பத்தாண்டுகள் எடுத்த குறிப்புகளின் வலைதான் அங்கே அச்சாகிக் கிடக்கிறது.

அந்தப் பழக்கம் அவருக்கு வந்த கதையும் உங்களுக்குத் தெரிந்ததே. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட கேள்வியால் சீவக சிந்தாமணியில் இறங்கினார். நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோளாக வரும் அடிகளுக்குப் பல இடங்களில் நூல் பெயர் இருக்காது. ‘என்றார் பிறரும்’ என்று போய்விடுவார். அந்தப் பிறர் யார்? அந்த அடிகளை நினைவில் வைத்துக்கொண்டு ஏடு ஏடாகப் புரட்டியபோதுதான் பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அவருக்குப் பிடிபட்டன. 1887-இல் சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு என்று வரிசையாக வந்ததன் பின்னால், ‘இந்த அடி எங்கிருந்து வந்தது’ என்று விடாமல் குறித்த பழக்கம் இருக்கிறது. உங்கள் மாணவர் அடிக்குறிப்பில், மேலே சொன்ன அதே நூல் என்ற பொருளில், ‘மேலது’ என்று போட்டுவிட்டு நகரும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். எந்த மேலது? மேலே இருந்ததை நேற்று வெட்டி நாலாம் இயலில் ஒட்டியாகிவிட்டது.

தமிழ்த் துறைக்கு வெளியேயும் இதைப் பார்க்கலாம். டார்வின் 1837 ஜூலையில் ஒரு நோட்டைத் திறந்து, உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்று எழுத ஆரம்பித்தார். அதன் ஒரு பக்கத்தில் ‘நான் நினைக்கிறேன்’ என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல், கிளை கிளையாக ஒரு மரத்தைக் கிறுக்கியிருக்கிறார். புத்தகம் வெளிவந்தது 1859-இல். அந்தக் கிறுக்கலை விடவும் எனக்கு முக்கியமாகப் படுவது, தன்வரலாற்றில் அவர் சொல்லும் ஒரு விதி. தன் முடிவுக்கு எதிரான ஒரு செய்தியோ எண்ணமோ கண்ணில் பட்டால், அதைத் தவறாமல் அப்போதே குறித்துவிடுவாராம். ஏனென்றால் சாதகமானவை மனசில் தங்கிவிடும், பாதகமானவை சட்டென்று நழுவிவிடும் என்பதை அனுபவத்தில் கண்டிருந்தார். நான் அடித்த ஆய்வேடுகளில் ‘என் கருதுகோளுக்கு இந்தப் பாடல் ஒத்துவரவில்லை’ என்ற வாக்கியத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். சங்கப் பாடல்கள் மொத்தமும் எல்லார் கருதுகோளுக்கும் எப்படித்தான் ஒத்துவருகின்றனவோ! எதிராக இருந்தவற்றை யாரும் மறைக்கவில்லை. குறிக்கவில்லை, அதனால் மறந்துபோயின.

நிக்லாஸ் லூமன் பற்றியும் சொல்ல வேண்டும், ஜெர்மன் சமூகவியலாளர். சட்டம் படித்து, அரசு நிர்வாகத்தில் வேலை பார்த்தவர். 1950-களின் தொடக்கத்தில் துண்டுத்தாளில் குறிப்பெழுதத் தொடங்கி, 1997 வரை நிறுத்தவில்லை. மொத்தம் 90,000 தாள்கள் அளவுக்குச் சேர்ந்தன; மரப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். நமக்குப் பாடம் அவற்றின் எண்ணிக்கையில் இல்லை, அடுக்கிய விதத்தில் இருக்கிறது. நம் மாணவர்கள் கார்டு போட்ட காலத்திலும் இயல்வாரியாகக் கட்டு கட்டினார்கள். முதலிலேயே இயல் பிரித்துவிட்டால் கார்டு அந்தச் சிறைக்குள் போய்விடும். லூமன் தலைப்புவாரியாகப் பிரிக்கவில்லை. புதிதாக எழுதிய தாள், ஏற்கனவே உள்ள எந்தத் தாளோடு பேசுகிறது என்று பார்ப்பார். அதன் பின்னால் செருகுவார். 1 என்ற தாளுக்கு விளக்கம் 1அ. அதற்கு ஒரு மறுப்பு 1அ1. அப்படிக் கிளை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். தொலைவில் இருக்கும் தாளோடு தொடர்பு இருந்தால் அதன் எண்ணை இதில் எழுதிவிடுவார். சொல்லடைவு ஒன்று உண்டு, ஆனால் அதில் ஒரு சொல்லுக்கு ஓரிரு எண்கள்தான். வாசல் மட்டும் காட்டும், உள்ளே நடந்து போக வேண்டியது நம் வேலை. படித்த நூலின் வரிகளை அவர் பெரும்பாலும் படியெடுக்கவில்லை. நூல் விவரத்தைத் தனித் தாளில் வைத்துக்கொண்டு, தன் யோசனையைத் தன் வாக்கியமாக எழுதினார். எழுதாமல் யோசிக்க முடியாது, குறைந்தபட்சம் ஒன்றோடொன்று கோத்து யோசிக்க முடியாது என்பது அவர் கருத்து.

அவரைப் பற்றி இன்னொரு செய்தி, டி.சி. என்கிற டாக்டரல் கமிட்டி மீட்டிங்கில் உட்காருபவர்களுக்குப் பிடிக்கும். 1969-இல் பீலஃபெல்டு பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வுத்திட்டம் என்னவென்று கேட்டார்களாம். சமூகத்தைப் பற்றிய கோட்பாடு. காலம் 30 ஆண்டு. செலவு எதுவுமில்லை என்றார். அந்தத் திட்டத்தின் நிறைவு நூல் 1997-இல் வந்தது. அடுத்த ஆண்டு காலமானார். இடையில் ஐம்பதுக்கு மேற்பட்ட புத்தகங்கள். அந்தப் பெட்டிகளை அதே பல்கலைக்கழகம் வாங்கி இப்போது இணையத்தில் ஏற்றி வருகிறது.

ராமானுஜன் குறிப்பேடுகளில் முடிவை மட்டும் எழுதி வைத்தாரே, வழியை எழுதவில்லையே என்று ஒரு கணிதத் துறை நண்பர் என்னை மடக்கினார். உண்மைதான். காகிதம் விலை என்பதால் சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். அந்த மூன்று குறிப்பேடுகளுக்கும் நிரூபணம் எழுதிச் சேர்க்க கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட் 1985-லிருந்து 1998 வரை ஐந்து தொகுதிகள் போட வேண்டியிருந்தது. ராமானுஜன் அளவுக்கு மூளை உள்ளவர்கள் அப்படிச் செய்யட்டும். மற்றவர்கள் வழியையும் எழுதி வைப்பது நல்லது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். காலம் மாறிவிட்டது, செருப்பு டப்பாவுக்குத் திரும்பச் சொல்கிறாயா? இல்லை. நான் டைப்ரைட்டரை எடைக்குப் போட்டவன். ஜோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் நூல் விவரத்தையும் குறிப்பையும் சேர்த்தே வைக்கலாம். எனக்குத் தெரிந்த வரலாற்றுத் துறைப் பெண் ஒருவர் அப்படித்தான் வைத்திருக்கிறார், அவர் ஃபைல் வந்தால் எனக்கு அடிக்குறிப்பு வேலையே இல்லை. கையால் எழுதினால்தான் மூளையில் ஏறும் என்று 2014-இல் அமெரிக்காவில் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இருவர் செய்த ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். பின்னால் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனால் தட்டச்சு செய்கிறவர்கள் கேட்டதைக் கேட்டபடியே அடிக்கிறார்கள் என்பது மட்டும் மறுபடியும் தெரிந்தது. கேட்டதைக் கேட்டபடி அடிப்பது என் பிழைப்பு, ஐயா. அதில் யோசனை கிடையாது என்பதற்கு நானே சாட்சி. பேனாவா கீபோர்டா என்பது சண்டையே அல்ல. படித்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் ஒரு தலை இருந்ததா என்பதுதான் கேள்வி.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் நூலைக் கொடுத்துச் சுருக்கம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். அழகான தமிழ், பிழை குறைவு, எனக்கு மெய்ப்பு வேலை மிச்சம். ஆனால் சுருக்கம் என்பது நூலில் இருப்பதைக் குறைத்துத் தருவது. நான் சொன்ன அந்தக் குருகுக் கார்டு சுருக்கம் இல்லை. ஐந்து அடிப் பாட்டைவிட அந்தக் குறிப்பு நீளம்.

நெறியாளருக்கு நேரம் எங்கே என்றும் கேட்பீர்கள். விதிப்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேர் வரை, இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. வகுப்பு, தேர்வுப் பணி, கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்ய வரும் நாக் கமிட்டி வேலை, நடுவில் இவர்கள் இயல்களைப் படிக்க வேண்டும். நான் சொல்வது கூடுதல் வேலையாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐம்பது பக்க இயலைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்துவதற்கும், பத்துக் கார்டைப் படிப்பதற்கும் ஆகிற நேரம் ஒன்றா? பத்துக் கார்டு பார்த்தால் போதும், அந்த ஆள் யோசிக்கிறாரா நகல் எடுக்கிறாரா என்று உங்கள் அனுபவத்துக்குத் தெரிந்துவிடும். அதுவும் முதல் வருடத்திலேயே தெரிந்துவிடும். இயல் வரும்வரை காத்திருந்தால், உங்களுக்கு விஷயம் தெரியும்போது மாணவருக்கு ஃபெலோஷிப் முடிந்திருக்கும்.

ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வாளர் தன் ஆலோசனைக் குழு முன்னால் வந்து முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. அந்த நாளுக்காக மாணவர்கள் என் கடையில் பவர்பாயின்ட் போடுகிறார்கள். தலைப்பு, நோக்கம், கருதுகோள், இயல் பகுப்பு, நன்றி, பின்னணியில் ரோஜாப்பூ. போன வருடத்து சீனியரின் ஸ்லைடில் பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. அதற்குப் பதிலாக, அந்த ஆறு மாதத்தில் எழுதிய குறிப்புகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கட்டிலிருந்து நீங்களே கண்ணை மூடி ஒன்றை உருவி, ‘இதை ஏன் எழுதினாய்? இதோடு பேசும் இன்னொரு கார்டு எது? இதற்கு எதிரான கார்டு இருக்கிறதா?’ என்று கேளுங்கள். முதல் தடவை முழிப்பார்கள். அடுத்த செமஸ்டர் தயாராக வருவார்கள். தயாராவதற்குச் சீனியரின் ஃபைல் உதவாது.

ஆராய்ச்சி நெறிமுறைகள் தாளில் அந்தக் கேள்வியை எடுத்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். அகமதிப்பீட்டு மார்க்கை எழுதிய கார்டுகளுக்குக் கொடுங்கள். எண்ணிக்கை நிர்ணயிக்காதீர்கள், நிர்ணயித்தால் என் கடைக்குத்தான் வருவார்கள், ‘நூறு கார்டு அடிச்சுக் குடுங்கண்ணே’ என்று. நானும் அடித்துக் கொடுத்துவிடுவேன், எனக்கும் கரண்ட் பில் இருக்கிறது.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்த பிறகு அந்தக் குறிப்புகள் என்ன ஆகின்றன என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏறிவிடுகிறது, யாரும் எங்கிருந்தும் பார்க்கலாம். கார்டுகள் பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. களப்பணியில் பாட்டியிடம் கேட்டு எழுதிய தாலாட்டு, ஆய்வேட்டில் நாலு வரி இருக்கும், நோட்டில் நாற்பது வரி இருந்திருக்கும். பாட்டி இப்போது இல்லை, நோட்டும் இல்லை. துறை நூலகத்தில் ஒரு பீரோ ஒதுக்கினால் போதும். அடுத்து வரும் ஆய்வாளர் முந்தையவரின் முடிவை மட்டுமல்ல, அவர் விட்டுப்போன ‘பார்க்க’ என்ற இடத்தையும் பார்க்கலாம். அந்தக் குருகின் காலுக்கு யாராவது மிச்ச உவமையைத் தேடிப் பிடிக்கலாம். அந்த மாணவர் தேடினாரா என்று எனக்குத் தெரியாது. ஆய்வேட்டில் அந்த விஷயம் வரவில்லை, இயலுக்குப் பொருந்தவில்லை என்று எடுத்துவிட்டார்கள்.

கார்டு வாங்கக் காசில்லை என்று யாராவது சொன்னால் கடைக்கு அனுப்புங்கள். லூமன்கூட அட்டை வாங்கவில்லை, சாதாரணத் தாள்தான். ஒரு பக்கம் பயன்படுத்திய தாளின் மறுபக்கத்தில் எழுதியவையும் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. பைண்டிங்கில் வெட்டி மிஞ்சும் தாளும், பிழையாக வந்த பிரிண்ட் அவுட்டும் என்னிடம் மூட்டைக் கணக்கில் கிடக்கின்றன. கட்டிங் மெஷினில் வைத்து 5-க்கு 3 ஆக அறுத்துக் கட்டிக் கொடுக்கிறேன், காசு வேண்டாம். மே, ஜூன் மாதம் மட்டும் வேண்டாம், அப்போது பைண்டிங் வேலை நெருக்கும்.

இப்படிக்கு,
பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே
ஆய்வேடு தட்டச்சு செய்யும் கடைக்காரன்